மாமா சொன்ன காதுக் கதைகள்

மாமா ஒரு கதையை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதே இல்லை. என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்குமே, அதில் ஒரு வெள்ளைக் கார் அவருடையது. சவாரி இல்லாதபோது பானெட்டில் சாய்ந்துகொண்டு யாரிடமாவது எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். மற்ற டிரைவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தால் பூக்காரம்மாவைப் பிடித்துக்கொள்வார். அந்தம்மா பூவைக் கட்டிக்கொண்டே, "போய்யா, நேத்து வேற மாதிரி சொன்னே" என்பாள்.

"நேத்து நேத்துதான்" என்பார் மாமா.

எங்கள் வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கரைப் பக்கம். பொங்கல், தீபாவளி, திருநீர்மலைத் தேர் என்று ஏதாவது ஒரு சாக்கில் அத்தையும் அவரும் வருவார்கள். வந்ததும் என்னையும் தம்பியையும் எதிரில் உட்காரவைத்துவிடுவார். ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார்: "இத்த நம்பணும்னு கட்டாயம் இல்ல. கேளு, அது போதும்."

அவர் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அப்பா, அண்ணன்கள் எல்லோரும் மீன்பிடிக்கப் போகிறவர்கள். இவர் மட்டும் ஏன் கார் ஓட்ட வந்தார் என்பதற்குப் பல கதைகள். கட்டுமரத்தில் ஏறியதும் வாந்தி எடுத்தாராம். அதைப் பார்த்துக் கரையிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்களாம். இன்னொரு தடவை, வலையில் மாட்டிய நண்டு இவர் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஊர்வரைக்கும் வந்தது என்றார். வேறொரு நாள், அலையைப் பார்த்துப் பயந்து ஓடி நேராகத் தாம்பரத்தில் வந்து நின்றதாகச் சொன்னார். "குப்பத்துல பொறந்துட்டு கடலுக்குப் பயந்த ஒரே ஆளு நாந்தான். எங்கம்மா வெளிய சொல்லவே வெக்கப்படும்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா சமையலறையிலிருந்து, "புளுகு, அத்தனையும் புளுகு" என்பாள். அவர் கொண்டுவந்த வஞ்சிரத்தை அலசிக்கொண்டேதான் சொல்வாள். அவருக்குக் காபி கொடுக்க ஒரு தனி டம்ளர் இருந்தது. அது ஏன் தனி என்று எனக்கு வெகுநாள் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போவார்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடியது. பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை மாமா காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கார் நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்ததும் தனக்கு மயக்கம் வந்துவிட்டதாகவும், அந்தப் பெண்ணின் அம்மா இவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, கன்னத்தில் ரெண்டு கொடுத்து எழுப்பியதாகவும் எங்களிடம் சொன்னார். "கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் காப்பாத்த வேண்டியதாப் போச்சு."

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணும் அவள் கணவனும் குழந்தையோடு, கையில் ஸ்வீட் பாக்ஸோடு எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மாமாவின் சொந்தக்காரர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது வேறு கதை. கார் நின்றதும் மாமா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய், எங்கோ ஒரு நர்ஸம்மாவைத் தட்டி எழுப்பி, தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாராம். அடுத்த முறை அவர் வந்தபோது நான் அதைச் சொல்லிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா வலில கெடந்துது. அதுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

அப்பா இவருக்கு நேர் எதிர். ஏரிப் பாசன நிலமெல்லாம் மனை மனையாகப் போன பிறகு வேளச்சேரி ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு அவர் பேசுவதை எண்ணிவிடலாம். பேசினால் அதில் மாற்றம் இருக்காது. அப்பா வாயில் பொய் வராது என்று கடைக்கு வரும் மேஸ்திரிகள் வரைக்கும் சொல்வார்கள். எங்களுக்கு அதில் பெருமை. மாமா கதையை ஆரம்பித்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பொய் கேட்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு இடது காது கேட்காது. எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரிதான் உட்காருவாள். அவர்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு லேசாக நினைவிருக்கிறது. அதற்கு முன் அப்படி ஓர் அத்தை இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். நான் அவள் இடது பக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. "அத்தைக்கு ஏன் காது கேக்கல?" என்று எல்லோரும் இருக்கும்போது சத்தமாகக் கேட்டேன். மாமாதான் சட்டென்று பதில் சொன்னார். தீபாவளிக்கு அவர் ஒரு வெடியைப் பற்றவைத்துத் தூக்கிப் போட்டாராம். அது போகவேண்டிய பக்கம் போகாமல் அத்தை காதுக்குப் பக்கத்தில் வெடித்ததாம்.

அடுத்த வருஷம் அது கடலாக மாறியிருந்தது. நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். பெரிய அலை ஒன்று அத்தையின் கன்னத்தோடு சேர்த்து அடித்துவிட்டதாம். பிறகு ஹாரன் கதை வந்தது. காருக்குப் புது ஹாரன் மாட்டி, அத்தை குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அமுக்கிவிட்டாராம். நானும் தம்பியும் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். இந்தப் பண்டிகைக்கு எந்தக் கதை என்று பந்தயம் கட்டுவோம். அத்தை சிரிக்கவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், அல்லது என் பின்னலைப் பிரித்துத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பாள்.

கல்லூரியில் நான் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். அங்கே ஒரு மேடம் எங்களுக்கு நாவல் நடத்தினார். கதை சொல்கிறவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவன் எதை மாற்றி மாற்றிச் சொல்கிறான், எது மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது என்று பாருங்கள், மாறாமல் வருகிற இடத்தில்தான் அவன் மறைப்பது இருக்கும் என்பார். வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு மாமாவின் நினைப்பு வந்துவிட்டது. வெடியைத் தூக்கிப் போட்டது அவர் கை. கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது அவர் கை. ஹாரனை அமுக்கியதும் அவர் கைதான். கதை எப்படி மாறினாலும் அந்தக் கை மட்டும் மாறவே இல்லை. இவ்வளவு நாள் இதற்கா சிரித்தோம் என்று உடம்பு கூசியது. அதற்குப் பிறகு அவர் வந்தால் நான் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர், "இன்னா பாப்பா, காலேஜ் போயி பெரிய ஆளாய்ட்டியா?" என்று வெளியிலிருந்து கேட்பார். படிக்கிறேன் என்பேன்.

எனக்கு நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். குன்றத்தூர் பக்கத்துச் சம்பந்தம். நல்ல வசதி, நல்ல பெயர். தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அத்தையிடம் ஏதோ கேட்டிருக்கிறார். இடது பக்கம் நின்று கேட்டதால் அத்தைக்குக் காதில் விழவில்லை. அவள்பாட்டுக்குத் தாம்பூலப் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "என்ன, கூப்பிட்டா மதிக்காமப் போறாங்க?" என்று அந்த அம்மாள் முகம் சுளித்ததும், அம்மா பதறிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ பாவம். பிறவியிலேயேவா?"

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இல்லம்மா. நான் பண்ண வேலதான் அது. இத்த நம்பணும்னு கட்டாயம் இல்ல." ஹாரன் கதையை எடுத்தார். அன்றைக்கு அதில் ஒரு எருமைமாடும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் பட்டுப்புடவையில், புது வளையல்களோடு, வாசல்படியில் நின்றிருந்தேன்.

"போன பொங்கலுக்குப் பட்டாசுன்னீங்களே மாமா" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

"நெஜத்தைச் சொல்லுங்க. அத்தையை நீங்க அடிச்சீங்கதானே?"

சிரிப்பு நின்றது. யாரோ ஒரு குழந்தை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே அப்பா வாழைப்பழத் தட்டோடு நின்றிருந்தார். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஆமாம்மா. நாந்தான் அட்ச்சேன். குட்ச்சிருந்தேன் அன்னிக்கி."

அவர் குடித்து நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. குடித்தார் என்று யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அத்தனை வருஷமாக அவர் சொன்ன எதையும் நம்பாத நாங்கள் அந்த ஒன்றை மட்டும் உடனே நம்பினோம்.

அத்தை வெளியே வந்தபோது அவர் காரில் போய் உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று தெரியாமலே அவளும் ஏறிப் போனாள். மாமியாராகப் போகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு தைரியமாப் பேசறா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கிளம்பும்போது, "அந்த ஆள் கல்யாணத்துக்கு வேணாங்க, பாத்துக்குங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

கல்யாணத்துக்கு அத்தை மட்டும் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, என் தலையில் அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாள்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு நாள் காலை நான் தனியாக முடிச்சூர் போனேன். அத்தை அங்கேதான் குடியிருந்தாள். தூரத்து உறவில் ஒரு வக்கீல் அக்காவிடம் பேசிவைத்திருந்தேன். அத்தையை அந்த வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். மாமா சவாரி போயிருந்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் வலது பக்கம் உட்கார்ந்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் சொன்னேன். நீங்க பயப்பட வேணாம், சட்டம் இருக்கு, நான் இருக்கேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"இது உங்கப்பா கை" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"இந்தக் காது. உங்கப்பா அறைஞ்சது. ஒரே அறைதான். பின்னாடி பம்ப்செட்டுகிட்ட துணி தொவச்சிக்கிட்டு இருந்தேன். தாம்பரத்துல ஒரு டிரைவர் கூட நின்னு பேசினேன்னு யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. மீன்காரப் பையன் கேக்குதா உனக்குன்னு ஒரு அறை. ரத்தம் வந்துது. டாக்டர்கிட்டப் போனா எப்படின்னு கேப்பாங்களே, அதனால போகல. உங்கம்மா பஞ்சு வச்சா. போய் அவளைக் கேளு."

"பின்ன மாமா ஏன்..."

"மொதத் தடவ வந்தோமே, நீ கேட்டியே, அத்தைக்கு ஏன் காது கேக்கலன்னு. உங்கப்பா மூஞ்சி அப்பிடியே செத்துப்போச்சு. இவரு வெடிக் கதைய எடுத்து வுட்டாரு. இப்பிடிச் சொல்லுன்னு நான் இவர்கிட்ட ஒண்ணும் சொல்லிவைக்கல. அவராத்தான் சொன்னாரு. வூட்டுக்கு வந்து ஏன்யா அப்பிடிச் சொன்னேன்னா, உங்கண்ணன் தலை குனிஞ்சா அப்பறம் நம்மள அந்த வூட்டுக்குள்ள வுடமாட்டாரு, உனக்குப் பொறந்த வூடு வேணாமான்னாரு. எனக்கு வேணுந்தானே. நானும் வாய மூடிக்கினேன்."

கீரைத்தண்டுகளை முறத்திலிருந்து உதறினாள்.

"நிச்சயத்தன்னிக்கி பண்ணதுதான் எனக்குப் பிடிக்கல. கேட்டேன். பொண்ணு கல்யாணம், அவங்கப்பன் பின்னாடி நிக்கறான், நான் இன்னா சொல்லட்டும்னாரு. நாலு பேர் எதிர்ல அடிச்சவன்னு பேரு வாங்கிக்கினு வந்துட்டு, எனுக்கு இன்னா போவுதுங்கறாரு. எனக்குப் போவுதே. அவரு எம்மேல கை ஓங்கினது கூட இல்ல."

அவர் சொன்ன கதைகளையெல்லாம் நான் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் தன்னைப் பெரியவனாக்கிக்கொள்வான். இவர் எந்தக் கதையிலும் ஜெயித்ததே இல்லை. பயந்தவர், மயங்கி விழுந்தவர், தப்பு செய்தவர் எல்லாம் இவர்தான். எது மாறாமல் வருகிறது என்று பார்க்கத் தெரிந்த எனக்கு, அது யாருக்காக மாறாமல் வருகிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

மத்தியானம் மாமா வந்தார். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல, "எப்ப வந்தே பாப்பா? சாப்ட்டியா?" என்றார். நான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். பிறகு காரில் கொண்டுவிடக் கிளம்பினார். தாம்பரம் மேம்பாலம் தாண்டியதும் சொன்னேன்.

"அத்தை சொல்லிட்டாங்க மாமா."

அவர் கியரை மாற்றினார். "உங்கத்த சொல்றத நம்பிக்கினு கீறியா? அதுக்கு எம்மேல பாசம் ஜாஸ்தி. நாந்தான் அட்ச்சேன். வுடு."

"என்னை மன்னிச்சிடுங்க மாமா."

"இன்னாத்துக்கு? நீ சின்னப் பொண்ணு. அத்தைக்காவத்தானே கேட்டே." கொஞ்ச தூரம் போனதும், "உங்கப்பங்கிட்டப் போயி இத்த கேட்டுக்கினு நிக்காத. ஒடம்பு சரியில்லாதவரு" என்றார். எங்கள் தெரு முனையிலேயே காரை நிறுத்திவிட்டார். வீட்டு வாசல்வரை வரவில்லை.

நான் கேட்டேன். முதலில் அம்மாவிடம். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சு வைத்தது நீதானா என்று கேட்டதும் துணி அப்படியே நின்றது. "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்று, "அத்தை காதைக் கெடுத்தது யாருப்பா?" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். கோபப்படுவார், அல்லது எழுந்து வெளியே போவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"அவனே ஒத்துக்கிட்டானேம்மா" என்றார்.

அந்த முகத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தவில்லை. குரலில் தடுமாற்றமில்லை. வழக்கமாக அவர் எதைச் சொன்னாலும் இருக்கும் அதே உறுதி. பொய் சொல்கிற ஆளின் முகமாக அது இல்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எப்போதோ அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கணவர் வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு மரியாதை போய்விடும். அடுத்த பண்டிகைக்குப் பார்த்துக்கொள்ளலாம், குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் சில வருஷங்களில் அப்பா போய்விட்டார்.

அன்றைக்கு மாமா வந்தார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எங்கள் வாசலைத் தாண்டி அவர் உள்ளே வந்தது அப்போதுதான். தலை நரைத்திருந்தது. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, யாரிடமும் ஒன்றும் பேசாமல், மூங்கில் வெட்டினார், கீற்று முடைந்தார். பாடையைத் தூக்கும்போது ஒரு தோள் குறைந்தது. மாமா, "மச்சானை நான் தூக்கறேன்" என்று முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார்.

என் மாமியார் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணை முழங்கையால் இடித்து, "அதோ அந்த ஆளுதான். குடிச்சிட்டுப் பொண்டாட்டி காதைச் செவிடாக்கினவன்" என்றார். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள்.

"அவனே சொன்னான்டி. இவ எதிர்லதான் சொன்னான்" என்று மாமியார் என்னைக் காட்டினார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.